பிரிட்டிஷ் காலத்துச் சென்னைச் சட்டசபை: கூட்ட நடைமுறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சபையைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

சென்னை மாகாணத்தின் சட்டசபை. 1861-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில் தொடங்கி, 1937-இல் இரு அவைகள் வரும் வரை உள்ள காலம். பதில்களில் பெரும்பகுதி 1920-க்குப் பிந்தைய இரட்டை ஆட்சிக் காலத்தைப் பற்றியது; சில துறைகள் மந்திரிகள் கையிலும் மற்றவை கவர்னர் தரப்பிலும் இருந்த ஏற்பாடு அது. நடைமுறை விதிகளுக்கு உயிர் வந்தது அப்போதுதான். அதற்கு முன்பு விதிகள் இருந்தன. அவற்றை வைத்துச் சண்டை போட ஆளும் இல்லை, இடமும் இல்லை.

தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் சபையில் என்னதான் செய்ய முடிந்தது?

கவர்னர் கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேசலாம். கிட்டத்தட்ட அவ்வளவுதான். சட்டம் இயற்றுவதைத் தவிர வேறு எந்த அலுவலும் கூட்டத்தில் நடக்கக் கூடாது என்று 1861 சட்டமே சொல்லிவிட்டது. கேள்வி கேட்க முடியாது. வரவுசெலவுக் கணக்கைத் தொட முடியாது. ஓர் ஊரில் பஞ்சம் என்றாலும், அதைப் பற்றிய மசோதா எதுவும் மேசையில் இல்லையென்றால் வாய் திறக்க வழியில்லை.

தலைமை வகிப்பவர் கவர்னரே. உறுப்பினர்களை நியமிப்பவரும் அவரே. கூடுதல் உறுப்பினர்கள் 4 முதல் 8 பேர். அவர்களில் பாதிப் பேராவது அரசு உத்தியோகத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அப்படி வந்த முதல் இந்தியர் வெம்பாக்கம் சடகோபாச்சார்லு. அவரையடுத்து காஜுலு லட்சுமிநரசு செட்டி வந்தார். கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகையும் மனுவுமாக ஓடியாடிய செட்டியாருக்கு இந்தச் சபையின் அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

1892-இல் என்ன மாறியது?

இரண்டு கதவுகள் ஒருக்களித்துத் திறந்தன. உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். ஆண்டு நிதி அறிக்கையைப் பற்றிப் பேசலாம். ஆனால் பதில் வந்த பிறகு அதன்மேல் விவாதம் கிடையாது, துணைக் கேள்வியும் கிடையாது. நிதி அறிக்கை மீது தீர்மானம் கொண்டுவரவோ வாக்கெடுப்புக் கோரவோ கூடாது. ஒவ்வொருவரும் எழுந்து மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

கூடுதல் உறுப்பினர் எண்ணிக்கையின் உச்சவரம்பு 20 ஆனது. நகரசபைகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம், வர்த்தக சங்கம் ஆகியவை பெயர்களைப் பரிந்துரைக்கலாம். நியமனம் மட்டும் கவர்னர் கையிலேயே இருந்தது.

மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தில்?

1909-இல் சபை பெரிதானது: கூடுதல் உறுப்பினர்கள் 50 வரை. மாகாணச் சபைகளில் அதிகாரிகளின் பெரும்பான்மை போயிற்று. கேள்வி கேட்டவரே ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றானது. பக்கத்து இருக்கைக்காரர் கேட்க முடியாது. பொதுநல விஷயங்களில் தீர்மானம் கொண்டுவரும் உரிமையும் அப்போது வந்ததுதான். தீர்மானம் நிறைவேறினாலும் அது வெறும் பரிந்துரை. தலைமை நாற்காலியில் அப்போதும் கவர்னர்தான்.

1920-க்குப் பின் கூட்டத்தைக் கூட்டுவது, முடிப்பது, கலைப்பது யார்?

மூன்றும் கவர்னர். சபையின் ஆயுள் 3 ஆண்டு. முன்கூட்டியே கலைக்கவும், சிறப்புக் காரணம் இருந்தால் நீட்டிக்கவும் கவர்னருக்கு அதிகாரம் உண்டு. 1930-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1933-லேயே முடிந்திருக்க வேண்டியது. புதிய அரசியல் சட்டம் லண்டனில் தயாராகிக்கொண்டிருந்ததால் நீட்டித்துக்கொண்டே போனார்கள்; அடுத்த தேர்தல் 1937-இல்தான் நடந்தது.

சீர்திருத்தச் சபையை 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் தொடங்கிவைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். மற்றவர்கள் நியமன உறுப்பினர்களும், கவர்னரோடு சேர்ந்து ஆட்சி நடத்திய நிர்வாக சபையிலிருந்து பதவி வழியாக வந்தவர்களும்.

கவர்னர் நாற்காலியை விட்டு இறங்கினாரா?

இறங்கினார். இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்த 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி கவர்னர் சபையின் உறுப்பினரே அல்ல. வந்து உரையாற்ற மட்டும் உரிமை உண்டு. சபையை நடத்த ‘பிரசிடெண்ட்’ என்று ஒருவர். முதல் 4 ஆண்டுகளுக்கு அவரைக் கவர்னர் நியமிப்பார்; பிறகு சபை தேர்ந்தெடுக்கும், கவர்னர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும்.

முதல் பிரசிடெண்ட் சர் பி. ராஜகோபாலாச்சாரி. பெயரைப் பார்த்துவிட்டு ராஜாஜி என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. இவர் வேறு, திருவாங்கூரில் திவானாக இருந்த அதிகாரி. அவருக்குப் பிறகு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. சபையின் செயலாளராக இருந்து விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். பஞ்சாங்கக் கணிதத்திலும் பெரிய புள்ளி. பதவியில் இருக்கும்போதே 1925-இல் காலமானார்.

துணைப் பிரசிடெண்டைத் தொடக்கத்திலிருந்தே சபைதான் தேர்ந்தெடுத்தது. 1927-இல் அந்த இடத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒருமனதாகத் தேர்வானார். பெண்களுக்கு வாக்குரிமை வந்தே ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

‘விதிகள்’ என்றும் ‘நிலையாணைகள்’ என்றும் தனித்தனியாகச் சொல்கிறார்களே, ஏன்?

இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் அந்தக் காலத்துச் சபை விவாதங்களில் பாதி புரியாது. விதிகளை வகுத்தது டெல்லியில் உள்ள இந்திய அரசு. ஒப்புதல் தந்தவர் லண்டனில் உள்ள இந்தியா மந்திரி, அதாவது இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர். சென்னைச் சபை அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. நிலையாணைகளை முதலில் போட்டவர்கள் கவர்னரும் அவரது நிர்வாக சபையும். அவற்றைக் கவர்னரின் சம்மதத்தோடு சபை திருத்திக்கொள்ளலாம். நிலையாணை விதியோடு மோதினால் நிலையாணை செல்லாது.

ஆகவே ஒருவர் “இது ஒழுங்குப் பிரச்சினை” என்று எழும்போது அவர் சுட்டுவது விதியா, நிலையாணையா என்று பாருங்கள். நிலையாணை என்றால் சபை நினைத்தால் மாற்ற வழி இருக்கிறது. விதி என்றால் பிரசிடெண்டே விரும்பினாலும் அசைக்க முடியாது. சபையின் வாயை எங்கே கட்ட வேண்டுமோ அந்த முடிச்சுகளையெல்லாம் விதிகளுக்குள்தான் போட்டிருந்தார்கள்.

பதவிப் பிரமாணம் எப்படி?

இருக்கையில் உட்காருமுன் மன்னருக்கு விசுவாசம் தெரிவித்துச் சபையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். சட்டசபைப் பிரவேசம் கூடாது என்ற காங்கிரஸ்காரர்களுக்கு இந்த ஒரு வரியே போதுமான காரணம். உள்ளே போய் முட்டுக்கட்டை போடுவோம் என்ற சுயராஜ்யக் கட்சியினர் அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

தமிழில் பேச முடிந்ததா?

சபையின் அலுவல் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராதவர் மாகாணத்தில் அங்கீகரிக்கப்பட்ட தாய்மொழியில் பேசலாம் என்று விலக்கு இருந்தது. அந்த விலக்குக்கும் ஒரு கடிவாளம்: ஓர் உறுப்பினருக்கு நன்றாகத் தெரிந்த மொழி என்று பிரசிடெண்ட் அறிந்த மொழியில் பேசும்படி அவரைப் பணிக்கலாம். அதாவது ஆங்கிலம் நன்கு தெரிந்த வக்கீல் ஒருவர் கொள்கைக்காகத் தமிழில் பேச எழுந்தால், ஆங்கிலத்தில் பேசச் சொல்ல விதி இடம் கொடுத்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் பேசப்பட்ட மாகாணத்தில் மொழி உரிமையாக இல்லை, சலுகையாகவே இருந்தது.

கேள்வி நேரம் எப்படி நடந்தது?

முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பிரசிடெண்ட் அனுமதித்தால் கேள்வி அச்சாகிப் பட்டியலில் வரும். வெளிநாட்டு உறவு, சுதேச சமஸ்தானங்களோடான உறவு, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு ஆகியவை பற்றிக் கேட்க முடியாது. கேள்வியில் வாதம், கிண்டல், வசைச் சொல் கூடாது. புதுக்கோட்டையைப் பற்றிக் கேட்க நினைத்தவர், மாகாணத்தின் நடுவிலேயே அந்த ஊர் இருந்தாலும், சமஸ்தானம் என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பெரிய மாற்றம் துணைக் கேள்வியில்தான். 1920 விதிகளின்படி பதிலில் உள்ள ஒரு விவரத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள *எந்த* உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம். பார்க்கச் சின்ன மாற்றம்தான். முன்பெல்லாம் அதிகாரி எழுதி வைத்த பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இப்போது நாலு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும், அதற்குக் கையில் குறிப்பு இருக்காது. 1923 முதல் 1930 வரை சபையில் இருந்த சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி இந்த ஆயுதத்தை எடுத்து வீசிய விதத்துக்காகவே பேர் வாங்கினார். பதில் சொல்ல வேண்டியவர் தப்பிக்க ஒரே வழி, “நோட்டீஸ் வேண்டும்” என்பது.

தீர்மானம் நிறைவேறினால் அரசு கட்டுப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. தீர்மானம் என்பது ‘இன்னது செய்யும்படி இந்தச் சபை அரசுக்குப் பரிந்துரைக்கிறது’ என்ற வடிவில்தான் இருக்க வேண்டும். அது எந்த நாளில் வரும் என்பதும் உறுப்பினர் கையில் இல்லை. அரசு சாராத அலுவல்களுக்கு எந்தெந்த நாள் என்று கவர்னர் ஒதுக்குவார். அந்த நாட்களில் யாருடைய தீர்மானம் முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். பொதுநலனுக்குக் கேடு என்றோ, மாகாண அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்றோ சொல்லிக் கவர்னர் ஒரு தீர்மானத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

இவ்வளவு தாண்டி வந்து வெறும் பரிந்துரைதானா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். சில பரிந்துரைகள் அரசாணையாக மாறின. 1922-இல் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத ஆணை வந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகத்துக்குப் போகும் வழி எல்லாம் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் உட்பட அனைவருக்கும் உரியவை என்றது. சபை ஏற்றது, அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. ஆணை ஊர்த் தெருவில் எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு கதை. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஓர் அரசாங்கக் காகிதம் கிடைத்தது, அதுவே பெரிது.

ஒரே ஒரு விஷயத்தில் தீர்மானத்துக்குப் பரிந்துரையைத் தாண்டிய பலம் இருந்தது. அது பெண்களின் வாக்குரிமை. தேர்தல் விதிகள் பெண்களை விலக்கிவைத்தன. ஆனால் மாகாணச் சபை தீர்மானம் போட்டால் அந்த விலக்கை நீக்கிவிடலாம் என்று இடம் விட்டிருந்தன. சென்னைச் சபை 1921-லேயே தீர்மானத்தை நிறைவேற்றியது. மாகாணங்களில் இதுவே முதல். வாக்களிக்கத்தான் அனுமதி, உறுப்பினராக வேறு விதி தடுத்தது. அந்தத் தடை 1926-இல் விலகியது. அதே ஆண்டில் கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே வந்தார்.

ஒரு மசோதா எந்தப் படிகளைத் தாண்ட வேண்டும்?

அறிமுகம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வெளியீடு, தேவையானால் செலக்ட் கமிட்டி (மசோதாவை நுணுகிப் பார்க்கும் உறுப்பினர் குழு), பிரிவு பிரிவாக விவாதமும் திருத்தமும், கடைசியாக நிறைவேற்றம். இன்றைக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். வித்தியாசம் இரு முனைகளிலும் இருந்த பூட்டுகளில். மாகாண வருவாயைத் தொடும் மசோதாவைக் கவர்னரின் முன் அனுமதி இல்லாமல் அறிமுகம் செய்ய முடியாது. சில விஷயங்களுக்குக் கவர்னர் ஜெனரலின் முன் அனுமதி வேண்டும். சபை நிறைவேற்றிய பிறகு கவர்னர் சம்மதிக்க வேண்டும், அதன் பிறகு கவர்னர் ஜெனரலும் சம்மதிக்க வேண்டும். கவர்னர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

நடைமுறையில் ஓர் ஓட்டை என்றால் சட்டமே ஆடிப்போகும் என்பதற்குக் கோயில்களுக்கான அறநிலையச் சட்டம் நல்ல உதாரணம். நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் வந்த மசோதா, 1925-ஆம் ஆண்டின் முதல் சட்டமாக வெளியானது. அது முறைப்படி நிறைவேற்றப்படவில்லை என்ற ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் அதை ரத்துசெய்துவிட்டு, 1927-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக மறுபடியும் இயற்ற வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்கள் சட்டத்தின் நியாயத்தோடு மட்டும் மோதவில்லை; அது வந்த வழியையும் பிடித்துக்கொண்டார்கள்.

தனி உறுப்பினர் மசோதாவுக்கு எடுத்துக்காட்டு தேவதாசி முறை பற்றியது. முத்துலட்சுமி ரெட்டி முதலில் 1927-இல் தீர்மானம், அடுத்து அதே அறநிலையச் சட்டத்தில் திருத்த மசோதா என்று இரண்டு அடியாக வைத்தார். 1929-இல் அது சட்டமானது.

பட்ஜெட்டில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லித் தீர்மானம் வந்துகொண்டே இருக்கிறதே, 100 ரூபாயில் என்ன இருக்கிறது?

பணத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் துறையைப் பற்றிப் பேச அது அனுமதிச் சீட்டு.

சற்று விளக்க வேண்டும். இரட்டை ஆட்சியில் கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை மந்திரிகள் கையில்; நிலவரி, போலீஸ், நீதி போன்றவை கவர்னரும் நிர்வாக சபையும் வைத்துக்கொண்டவை. செலவிலும் இரு வகை. இந்திய அரசுக்குச் செலுத்தும் பங்கு, கடன் வட்டி, ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளம், இந்தியா மந்திரி நியமித்த அதிகாரிகளின் சம்பளமும் பென்ஷனும் ஆகியவை சபையின் வாக்குக்கே வராது. மற்றவை மானியக் கோரிக்கைகளாக, அதாவது தலைப்புவாரியாகச் சபையிடம் பணம் கேட்கும் கோரிக்கைகளாக வரும். சபை அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது.

இப்போது ஓர் உறுப்பினர் போலீஸ் அத்துமீறலைப் பற்றிப் பேச நினைக்கிறார் என்று வையுங்கள். போலீஸ் மானியம் வரும் நாளில் அதில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று நோட்டீஸ் கொடுப்பார். குறைப்புத் தீர்மானம் மேசைக்கு வந்துவிட்டால் அந்தத் தலைப்பின் கொள்கையையே அவர் விமர்சிக்கலாம். அரசுத் தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தி என்றால் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவார், இல்லையென்றால் வாக்கெடுப்பு. நிறைவேறிவிட்டால் 100 ரூபாய் போகும், கூடவே அந்தத் துறையின் மேல் கண்டனம் பதிவாகும்.

போலீஸ் போன்ற, கவர்னர் தரப்புக்கென ஒதுக்கப்பட்ட துறையில் சபை வெட்டியதைக் கவர்னர் அவசியம் என்று சான்று எழுதித் திரும்பச் சேர்த்துவிடலாம். மந்திரிகளின் துறையில் அப்படிச் செய்ய நெருக்கடி நிலை வேண்டும். மந்திரியின் சம்பளமும் சபையின் வாக்குக்கு உட்பட்டதே. மத்திய மாகாணத்தில் 1924-இல் மந்திரிகளின் சம்பளத்தை ஆண்டுக்கு 2 ரூபாய் என்று குறைத்து மந்திரிசபையையே முடக்கினார்கள். சென்னையில் அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே நீதிக்கட்சி பலமாக இருந்தது.

நேரமும் ஒரு கத்திதான். கோரிக்கைகளுக்கு எத்தனை நாள் என்று கவர்னர் ஒதுக்குவார். நாள் முடிந்ததும் பேசியது பேசாதது எல்லாவற்றையும் பிரசிடெண்ட் அடுத்தடுத்து வாக்குக்கு விட்டுவிடுவார்.

ஒத்திவைப்புத் தீர்மானம் எதற்கு?

அவசரமான, திட்டவட்டமான, அண்மையில் நடந்த ஒரு பொது விஷயத்தைப் பேச அன்றைய அலுவலை நிறுத்தச் சொல்வது. பிரசிடெண்ட் சம்மதிக்க வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும். பெரும்பாலான சண்டை ‘இது அவசரமா’ என்ற கேள்வியிலேயே முடிந்துவிடும்.

மந்திரிகள் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்ததுண்டா?

1923 நவம்பரில் பனகல் அரசரின் மந்திரிசபை மீது சி. ஆர். ரெட்டி கொண்டுவந்தார். நீதிக்கட்சியிலிருந்தே பிரிந்து வந்தவர் அவர். ஆதரவு 44, எதிர்ப்பு 65, மந்திரிசபை பிழைத்தது. இந்தியச் சட்டசபைகளின் சரித்திரத்தில் இது முன்னோடி. மந்திரியை நியமிப்பவர் கவர்னர், சபையில் நியமன உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வாக்கு உண்டு. அப்படிப்பட்ட சபையில் மந்திரி சபைக்குப் பொறுப்பானவர் என்ற எண்ணத்தை ஊன்றியதே இதன் பயன் என்பது என் கருத்து.

வாக்கெடுப்பு எப்படி?

முதலில் குரல் வாக்கு. பிரசிடெண்ட் முடிவைச் சொன்னதும் யாராவது ஆட்சேபித்து எண்ணச் சொல்லலாம். பெயர்கள் பதிவாகும், ஆதரவு, எதிர்ப்பு தவிர நடுநிலை என்றும் ஒரு பட்டியல் சென்னைச் சபைக் குறிப்புகளில் வரும். பிரசிடெண்டுக்குச் சாதாரண வாக்கு கிடையாது. இரு பக்கமும் சமமானால் தீர்ப்பு வாக்கு அவருடையது.

சபையில் பேசியதற்கு வழக்குப் போட முடியுமா?

முடியாது. விதிகளுக்கும் நிலையாணைகளுக்கும் உட்பட்டுப் பேச்சுச் சுதந்திரம் உண்டு. சபையில் பேசியதற்கோ வாக்களித்ததற்கோ நீதிமன்ற நடவடிக்கை கிடையாது என்று 1919 சட்டம் உறுதி தந்தது. ராஜத்துரோக வழக்கு சகஜமாக இருந்த காலத்தில் இதன் மதிப்பு பெரிது. மேடையில் பேசினால் ஜெயில், கோட்டைக்குள் பேசினால் அச்சிட்ட அரசாங்கப் பதிவு.

1937-க்குப் பிறகு?

1935 சட்டப்படி கீழவை 215 உறுப்பினர்களோடு வந்தது, மேலவை தனி. கீழவையை நடத்தியவர் சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தி. கோட்டைக்குள் இருந்த சபா மண்டபத்தில் புதிய கீழவைக்கு இடம் போதாமல், சேப்பாக்கம் செனட் ஹவுசிலும் பிறகு இன்றைய ராஜாஜி மண்டபத்திலும் கூடினார்கள்.

பழைய நடவடிக்கைத் தொகுதிகளைப் படிக்கத் தொடங்குபவர் எதை முதலில் புரட்டலாம்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தால் தொகுதி தொகுதியாக வரும். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். மார்ச் மாதத் தொகுதியை எடுத்து மானிய விவாதத்துக்குப் போங்கள். அடுத்து கேள்வி–பதில் பகுதி. பதில் நீளமாக இருந்தால் பின்னிணைப்பில் பட்டியலாகக் கொடுத்திருப்பார்கள். ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், கிணறு, சம்பள விகிதம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். வாக்குப் பட்டியலில் நடுநிலை என்று யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விவாதத்தில் அவர் என்ன பேசினார் என்பதோடு ஒப்பிட்டால் பல சமயம் சுவாரசியமாக இருக்கும்.